இரவு ஷிஃப்ட் பார்த்தால் குழந்தை குறையோடு பிறக்குமா?

"இரவு ஷிஃப்ட் போகும் கர்ப்பிணிக்குக் குழந்தை குறையோடுதான் பிறக்கும்" என்று சேலத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடி விடியற்காலையில் நூற்பாலையிலிருந்து திரும்பும் பெண்ணை இதைவிடக் கொடுமையாகப் பயமுறுத்த முடியாது. இரவு வேலை பிறவிக் குறையை உண்டாக்கும் என்று எந்த ஆய்வும் நிறுவவில்லை.

அதற்காக ஆபத்தே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. டென்மார்க்கில் சுமார் 22,700 கர்ப்பிணிகளை ஆராய்ந்து 2019இல் வெளியான முடிவு இது: எட்டாவது வாரத்துக்குப் பிறகு, ஒரே வாரத்தில் இரண்டு இரவு ஷிஃப்டோ அதற்கு மேலோ பார்த்தவர்களுக்கு, அடுத்த வாரம் கருச்சிதைவு வாய்ப்பு 32 சதவீதம் கூடியிருந்தது. நூறு பேரில் 32 பேருக்கு என்று இதைப் படிக்கக் கூடாது. சிறிதாக இருந்த வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, அவ்வளவுதான். குறைப்பிரசவத்திலும் சிறிய உயர்வே தெரிகிறது. மருத்துவரிடம் கடிதம் வாங்கிப் பகல் ஷிஃப்ட் கேளுங்கள்.