மருந்து அடித்த அரிசி

(மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகிற சாலை. புளியமரத்தடியில் மாப்பிள்ளைச் சம்பா மூட்டைகள். காரில் வந்தவர் ஒரு கைப்பிடி அரிசியை அள்ளி முகர்ந்து கொண்டிருக்கிறார்.)

கார்க்காரர்: மருந்து அடிக்காததுதானே பெரியம்மா?

பெரியம்மா: அடிக்காமலா? பதினைந்து நாளைக்கு ஒரு தடவை. டேங்கைத் தூக்கித் தூக்கித் தோளே போச்சு.

கார்க்காரர்: அப்புறம் ஏன் 'இயற்கை' என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறீர்கள்?

பெரியம்மா: வேப்பிலை, நொச்சி, ஆடாதொடை எல்லாம் இடித்து, கோமியத்தில் ஊறப்போட்டு, வடிகட்டி அடிப்பது. அதற்கும் இங்கே மருந்து என்றுதான் பேர் தம்பி.

கார்க்காரர்: உரம்?

பெரியம்மா: நடவுக்கு முன்னால் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற நேரத்தில் மடக்கி உழுதுவிடுவோம்.

கார்க்காரர்: பூண்டா? சோற்றில் வாசனை வராதா?

பெரியம்மா: (அவரை ஏற இறங்கப் பார்த்து) வராது, அது மண்ணுக்கு உரமாகிற செடி. அப்புறம் ஜீவாமிர்தம். 200 லிட்டர் தண்ணீருக்குச் சாணி 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறுமாவு 2 கிலோ, வரப்பு மண் ஒரு கை.

கார்க்காரர்: சாணியா!

பெரியம்மா: யூரியாவுக்கு முகம் சுளிக்காதவர் இதற்குச் சுளிக்கிறீர்கள்.

கார்க்காரர்: சரி, சான்றிதழ் இருக்கிறதா?

பெரியம்மா: ரசாயனத்தை விட்டு இயற்கைக்கு மாறினால், சான்றிதழுக்கு முன்னால் நெல்லுக்கு 2 வருடம் மாறுதல் காலம் என்றார்கள். அந்த 2 வருடமும் விளைச்சல் பாதி, விலை மட்டும் பழைய விலை. அதையும் தாண்டினேன். மேல்வயல்காரர் போட்ட யூரியா என் மடையில்தான் வடிகிறது, வரப்பை முழங்கால் உயரம் கட்டினேன், பெருமழைக்கு அதுவும் கரைந்தது. மேட்டூரில் திறந்த தண்ணீர் எத்தனை ஊர் வயலைக் கழுவிக்கொண்டு இங்கே வருகிறது, காவிரியை மறித்து "சான்றிதழ் எங்கே" என்று கேட்கட்டுமா?

கார்க்காரர்: கோபப்படாதீர்கள். கிலோ என்ன விலை?

பெரியம்மா: 80.

கார்க்காரர்: 60 போட்டுக்கொள்ளுங்கள்.

பெரியம்மா: சென்னையில் என்ன விலைக்கு வாங்குகிறீர்கள்?

கார்க்காரர்: 160. ஆனால் அங்கே ஏசி இருக்கிறது.

பெரியம்மா: அரிசிக்கா?

கார்க்காரர்: கடைக்கு.

பெரியம்மா: அங்கே பேரம் பேசினீர்களா?

கார்க்காரர்: எப்படிப் பேசுவது? மிஷினில் பில் வந்துவிடுகிறதே.

பெரியம்மா: பாரம்பரிய நெல் விதைகளைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கி, மறு வருடம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுத்தேன். கொடுத்தவரும் பேரம் பேசவில்லை, நானும் பேசவில்லை. அங்கே ஏசியும் இல்லை, மிஷினும் இல்லை.

கார்க்காரர்: (குரலைத் தாழ்த்தி) இதைச் சாப்பிட்டால் இளவட்டக்கல்லைத் தூக்கலாமாமே? அந்தக் காலத்தில் மாப்பிள்ளைக்கு அதற்காகவே போடுவார்களாம்.

பெரியம்மா: எங்கள் வீட்டுக்காரர் நாற்பது வருடம் சாப்பிட்டார். காபி டம்ளரைத் தவிர எதையும் தூக்கி நான் பார்த்ததில்லை.

கார்க்காரர்: சரி, 80-க்கே 5 கிலோ போடுங்கள். குக்கரில் எத்தனை விசில்?

பெரியம்மா: முதல் நாள் ராத்திரியே ஊறவைக்க வேண்டும். அவசரக்காரருக்கு இந்த அரிசி வேகாது. (கட்டிக் கொடுக்கிறார்.)

கார்க்காரர்: அப்படியே காரில் வைத்துவிடுங்கள் பெரியம்மா, எனக்கு முதுகுவலி.

பெரியம்மா: அதற்கு ஏதாவது மருந்து அடித்துப் பார்த்தீர்களா தம்பி?