ஹனுமான்கைண்ட்: பெயர்ச் சண்டையும் மரணக்கிணறும்

ராப் பாடகர் ஹனுமான்கைண்டின் 'பிக் டாக்ஸ்' பாட்டு வெளியானது 2024 ஜூலை 9. சண்டை இன்னும் ஓயவில்லை. "கெட்ட வார்த்தை போட்டுப் பாடுறவருக்கு அனுமார் பேரு எதுக்கு?" என்று ஒரு கோஷ்டி. "ஹூஸ்டன் இங்கிலீஷ்ல பாடிட்டு, நம்ம ஊர்த் திருவிழாவைக் காட்டி வெள்ளைக்காரன்கிட்ட விக்கிறாரு" என்று இன்னொரு கோஷ்டி. பெயர் விஷயம் கடைசியில். இரண்டாவது கோஷ்டி அந்த வீடியோவை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பது என் கட்சி.

ஹனுமான்கைண்டின் நிஜப் பெயர் சூரஜ் செருகாட்; கேரளத்தின் மலப்புறத்துக்காரர், சின்ன வயதில் வளர்ந்தது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில். அவர் வாயில் டெக்சாஸ் வராமல் வேறென்ன வரும்? கேரளம் வருவது படத்தில். இயக்குநர் பிஜோய் ஷெட்டி செய்தது ஒன்றுதான்: திருவிழாக்களில் பலகையால் கட்டும் வட்டக் கிணறான மரணக்கிணற்றின் நடுவில் பாடகரை நிறுத்தி, சுற்றுச்சுவரில் பைக்கையும் காரையும் ஓடவிட்டார். ராப் வீடியோ என்றாலே வாடகைக் கார், பணக்கட்டு, பின்னால் இருபது பேர் என்ற சூத்திரம் இங்கே இல்லை.

இதை 'சும்மா ஒரு லொகேஷன்' என்பவர்கள் கணக்கைப் பார்க்கட்டும். சுவர் செங்குத்து. வண்டி கீழே சரியாமல் பிடித்து நிறுத்துவது டயருக்கும் பலகைக்கும் இடையிலான உராய்வு மட்டுமே. அந்த உராய்வு வேண்டுமென்றால் வேகம் வண்டியைச் சுவரோடு சேர்த்து அழுத்த வேண்டும். ஆரம் 5 மீட்டர், உராய்வுக் கெழு (டயர் எவ்வளவு பிடிக்கிறது என்பதன் அளவு) 0.7 என்று வையுங்கள்: குறைந்தது மணிக்கு 30 கிலோமீட்டர் வேண்டும். பலகையில் எண்ணெயோ ஈரமோ பட்டுக் கெழு 0.5க்கு இறங்கினால் அதுவே 36 ஆகிவிடும். இந்தக் கணக்கில் எடை அடிபட்டுப் போகிறது. காருக்கும் பைக்குக்கும் ஒரே வேகம்தான். ஆனால் காரின் பாரம் முழுக்கப் பலகைக்கும் அதன் முட்டுக்கும் போகிறது, அதனால்தான் கார் ஏறியதும் கிணறே ஆடும். ஸ்பார்க் பிளக் ஒரு நொடி அடைத்தாலோ செயின் நழுவினாலோ சுதாரிக்க நேரமே இருக்காது.

அந்த வேகத்தில் ஒரு சுற்றுக்கு நாலு நொடிகூட ஆகாது. நடுவில் நிற்கும் கேமரா வண்டியோடு சேர்ந்து திரும்பினால் வண்டி அசையாமல் நிற்கும், கிணறு சுழலும். திரும்பாமல் பாடகரைப் பிடித்தால் பின்னால் வண்டி கோடாகக் கடக்கும். சுற்றுகிற படத்துக்கு எடிட்டர் தனியாக வேகம் சேர்க்கத் தேவையில்லை. இப்படி ஒன்றை எடுக்க ஆசைப்படும் பையன்களுக்கு ஒரு வார்த்தை: மரச்சுவருக்குள் சைலன்சர் சத்தத்தில் ஸ்பீக்கரில் போட்ட பாட்டு காதில் விழாது, காதுக்குள் வைக்கும் மானிட்டர் இல்லாவிட்டால் பாட்டோடு உதடு ஒட்டாது. ஸ்லோமோஷனில் உதடு சேர வேண்டுமா, பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு நொடிக்கு 48 ஃபிரேமில் எடுத்து, 24இல் ஓட்ட வேண்டும்.

எனக்கு உள்ள குறை வேறு. உயிரைப் பணயம் வைத்தவர்கள் சுவரில் ஓட்டியவர்கள். சண்டை போடும் ரசிகர்களில் எத்தனை பேருக்கு அவர்களில் ஒருவர் பெயராவது தெரியும்? 'கலாசாரத்தை விற்கிறார்' என்று கத்துவதைவிட இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம். 2025 மார்ச்சில் வந்த அவருடைய 'ரன் இட் அப்' பாட்டின் வீடியோ அந்த வகையில் இன்னும் பலவீனம். களரி, கட்கா, மர்தானி கேல், தாங்-தா என்று பல ஊர்ச் சண்டைக் கலைகள் எல்லாவற்றையும் அடுக்கியதில் எதுவும் கண்ணில் நிற்கவில்லை. கேரளத்துச் செண்டை மேளம் மட்டும் தப்பித்தது.

சரி, பெயர். அனுமனையும் மனித குலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ஒட்டியது என்று அவரே சொல்லிவிட்டார். வாயுபுத்திரன் பெயரில் மெக்கானிக் கடையும் லாரி சர்வீஸும் இருக்கும் நாட்டில் ராப்பருக்கு மட்டும் தடை என்பது எனக்குப் புரியவில்லை. சட்டமும் இதை யோசித்திருக்கிறது. மத உணர்வைப் புண்படுத்தக்கூடிய எதையும் 1999 வணிகச் சின்னச் சட்டத்தின் 9ஆம் பிரிவு பதிவு செய்ய விடாது. 2015இல் 'ராமாயண்' ஊதுபத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தப் பெயரை மட்டும் தனியாக யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, இன்னொரு சொல் சேர்ந்து வேறு பெயராக மாறினால் பரிசீலிக்கலாம் என்றது. இப்படி இரண்டு சொல்லை ஒட்டிய பெயருக்கு அந்த வாசல் திறந்திருக்கிறது என்பது என் வாசிப்பு.

பெயர் வைப்பதில் பக்தியைவிடப் பெரிய தலைவலி, ஏற்கெனவே வேறொருவர் அதை வைத்திருப்பது. 'டிடி' (Diddy) என்று சுருக்கிக்கொண்ட அமெரிக்க ராப்பர் ஷான் கோம்ப்ஸுக்கு, அதே பெயரில் லண்டனில் ஒரு தயாரிப்பாளர் இருந்ததால் பிரிட்டனில் அந்தப் பெயரை விட வேண்டி வந்தது. நம் பையன்கள் 'கிங்', 'லில்', 'எம்சி' என்று வைத்துவிட்டு ஸ்பாட்டிஃபையில் அடுத்தவர் பாட்டு தங்கள் பக்கத்தில் வந்து நிற்பதைப் பார்த்துத் திகைப்பார்கள். பாட்டை ஸ்பாட்டிஃபைக்கு ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் நிறுவனம், பெயரை வைத்துப் பக்கத்தைத் தேடுவதால் வரும் வினை அது. பாட்டை ஏற்றும்போதே உங்கள் பக்கத்துக்கான அடையாள எண்ணான ஆர்ட்டிஸ்ட் ஐடியைக் கொடுத்துவிடுங்கள். முதல் பாட்டு என்றால் 'புதுப் பக்கம்' என்று குறியுங்கள். ஹனுமான்கைண்ட் என்று தேடினால் வேறு ஆள் வருவதில்லை. மேடையில் கத்த நீளமாக இருக்கிறது என்பதற்கு ரசிகர்களே ஹெச்எம்கே என்று சுருக்கிக்கொண்டார்கள்.