பெட்டியில் உள்ள பட்டியல் போதாது

ஆண்ட்ராய்டு போனில் என்னென்ன சென்சார்கள் (அசைவு, திசை போன்றவற்றை உணரும் சிப்கள்) உள்ளன என்பதை உற்பத்தியாளர் வெளியிடும் விவரப் பட்டியலைப் பார்த்தே குறித்துக்கொள்ளலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அது போதாது. ஒரே மாடலிலேயே முடுக்கமானி (அசைவின் வேக மாற்றத்தை அளப்பது) சிப் மாறி வருவதுண்டு. போனைக் கணினியில் இணைத்து 'ஏடிபி ஷெல் டம்ப்சிஸ் சென்சார்சர்வீஸ்' (adb shell dumpsys sensorservice) என்ற கட்டளையை ஓட்டினால் சென்சாரின் பெயர், தயாரிப்பாளர் எல்லாம் வரும். அதனுடன் பில்டு எண்ணையும் (போனில் உள்ள மென்பொருள் பதிப்பின் எண்) எழுதிவையுங்கள்.

முடுக்கமானியின் அதிகபட்ச அளவு 39.2266 என்றிருந்தால் அது 4 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 4 மடங்கு), 78.4532 என்றால் 8 ஜி. இரு அளவீடுகளுக்கு இடையிலான குறைந்தபட்ச இடைவெளி மைக்ரோ நொடியில் வரும்; மில்லி நொடி என்று எழுதிவிடுகிறவர்கள் நிறைய. ஆண்ட்ராய்டு 12 முதல் 200 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 200 அளவீடுகள்) மேல் வேண்டுமானால் செயலி தனி அனுமதி அறிவிக்க வேண்டும். கேட்ட வேகம் வெறும் வேண்டுகோள்தான், கிடைத்த வேகத்தை நேரமுத்திரைகளின் (ஒவ்வொரு அளவீட்டுடனும் வரும் நேரக் குறிப்பு) வித்தியாசத்தில் அளந்து அதையே பதியுங்கள். மலிவு போன்களில் 'கைரோ' (சுழற்சியை அளக்கும் சென்சார்) இருப்பதாகக் காட்டும், ஆனால் அது மற்ற சென்சார்களிலிருந்து கணக்கிட்ட போலியாக இருக்கலாம்.

காந்தமானிக்கு (திசைகாட்டிக்குப் பயன்படும் காந்தப்புல சென்சார்) அளந்த ஊரையும் எழுதாமல் விடாதீர்கள். சென்னையில் புவிக்காந்தப் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 30-க்கும் கீழே. '30-க்குக் குறைந்தால் கோளாறு' என்று எழுதிய செயலி நம் பக்கத்து நல்ல போன்களையெல்லாம் பழுது என்று சொல்லும்! காந்த வடக்கும் இங்கே மெய் வடக்கிலிருந்து சுமார் 25 பாகை மேற்கே விலகியிருக்கிறது. திருத்தாத திசைகாட்டி தெருவையே மாற்றிக் காட்டும்.