எழுதாமல் விட்ட சொல்

டிசம்பரில் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். 21ஆம் தேதி உலகத் தியான தினம், அன்று எல்லா நாடுகளிலும் ஒரே நேரத்தில் லட்சக்கணக்கானோர் கண்ணை மூடி உட்காரப் போகிறார்கள், நீங்களும் உட்காருங்கள், மனித குலத்தின் கூட்டுப் பிரக்ஞை ஒரு படி உயரும் என்று. கீழே ஏழெட்டுக் கும்பிடு. தினம் உண்மைதான். 2024இல் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டு அறிவித்தது. பிரக்ஞை உயருவதற்கு மட்டும் பொதுச்சபை பொறுப்பேற்கவில்லை.

கிண்டலாக ஒரு பதில் அடித்தேன். அனுப்பவில்லை. ஏனென்றால் இந்த விஷயத்தில் எனக்கே ஒரு பலவீனம் உண்டு. உலகத்துக்கெல்லாம் பொதுவாக ஓர் அறம் எழுதிவிடலாம் என்று கிளம்பியவர்களின் கதை எங்கே கிடைத்தாலும் உட்கார்ந்து படித்துவிடுவேன். அப்படிப் படித்ததில் எனக்குப் பட்டது இது: ‘நாம் எல்லோரும் உள்ளே ஒன்றுதான்’ என்று ஆரம்பித்தவை பெரும்பாலும் புகையாகப் போயின. ‘நாம் ஒன்றல்ல, ஆனாலும் சேர்ந்து இருக்க வேண்டியிருக்கிறதே’ என்று ஆரம்பித்தவைதான் கொஞ்சமாவது தேறின.

1948இல் ஐ.நா. கொண்டுவந்த மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் உறுப்புக்கு (முதல் பிரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள்) நடந்த சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதர்கள் பகுத்தறிவும் மனச்சாட்சியும் ‘இயற்கையால்’ பெற்றவர்கள் என்று வரைவில் இருந்தது. பிரேசில் பிரதிநிதிகள் எழுந்து, மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன், அதை எழுதுங்கள் என்றார்கள். சீனப் பிரதிநிதி பி.சி. சாங், என் நாட்டின் ஏராளமான மக்களுக்கு வேறு மரபு இருக்கிறது, அதை உங்கள் தலையில் நான் கட்டவில்லையே என்கிற தொனியில் வாதாடினார். கடைசியில் இரண்டு பக்கமும் இறங்கி வந்தன. கடவுளும் போனார், இயற்கையும் போனது. பெற்றவர்கள் என்று மட்டும் நின்றது. யாரிடமிருந்து? அவரவர் வீட்டுக்குப் போய் நிரப்பிக்கொள்ளலாம். (தமிழ் மொழிபெயர்ப்பைப் பார்த்தால் ‘இயற்பண்பாகப் பெற்றவர்கள்’ என்று இருக்கிறது. அங்கே அடித்துவிட்ட இயற்கை இங்கே கொல்லைப்புறமாக வந்துவிட்டது!) அதே உறுப்பில் ‘எல்லா ஆண்களும்’ என்று பொருள்படக்கூடிய ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டு மனிதர் அனைவரும் என்று மாற்ற வைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. டிசம்பர் 10 அன்று பாரிஸில் வாக்கெடுப்பு. ஆதரவு 48, எதிர்ப்பு யாருமில்லை, ஒதுங்கியவர்கள் 8.

அந்தக் காலத்தில் யுனெஸ்கோ பல நாட்டுச் சிந்தனையாளர்களிடம் உரிமைகளைப் பற்றிக் கருத்துக் கேட்டது. அதில் பங்குகொண்ட பிரெஞ்சுத் தத்துவவாதி ஜாக் மாரித்தேன் பிறகு சொன்னது எனக்கு மிகவும் பிடிக்கும்: பட்டியலில் எங்களுக்குள் உடன்பாடு உண்டு, ஏன் என்று மட்டும் யாரும் கேட்கக்கூடாது. கேட்டால் அந்த நிமிடமே சண்டை. இதைப் பலர் மழுப்பல் என்கிறார்கள். எனக்கு இது முதிர்ச்சியாகத் தெரிகிறது. கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்குப் புரியும்.

இன்னொன்று 1993, சிகாகோ. 1893இல் விவேகானந்தர் பேசிய சர்வசமயப் பேரவையின் நூற்றாண்டுக் கூட்டம். அங்கே வெளியான உலகப் பொது அறம் பற்றிய அறிக்கையை வரைந்தவர் ஹான்ஸ் கியூங். அவர் கத்தோலிக்கப் பாதிரியார். கத்தோலிக்க இறையியல் கற்பிக்கும் உரிமையை 1979இல் வத்திக்கான் அவரிடமிருந்து பறித்திருந்தது. அப்படிப்பட்டவர் எழுதிய சமயங்களின் அறிக்கையில் ‘கடவுள்’ கிடையாது. போட்டால் பௌத்தர்கள் கையெழுத்திட முடியாது என்பது அவர் சொன்ன காரணம். சமயத் தலைவர்கள் கூடிக் கையெழுத்திட்ட தாளில் கடவுளுக்கு இடமில்லாமல் போனது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

சரி, அறிக்கை எப்படி? வாசித்தால் சப்பென்று இருக்கும். உயிரை மதி, நேர்மையாக நட, உண்மை பேசு, ஆணும் பெண்ணும் சமம் என்று நடந்துகொள். 2018இல் பூமியைக் காப்பதையும் ஐந்தாவதாகச் சேர்த்தார்கள். இதை யார் மறுப்பார்கள்? யாருமே மறுக்காததுதான் இதன் சிக்கல். மனித உரிமைப் பிரகடனத்தைத் தொடர்ந்து 1966இல் இரண்டு உடன்படிக்கைகள் வந்து, 1976இல் நடைமுறைக்கும் வந்தன. அரசுகளை அந்த உடன்படிக்கைகளை வைத்துக் கேள்வி கேட்க முடிகிறது, பதில் வருகிறதோ இல்லையோ. அற அறிக்கையை வைத்து யாரைக் கேட்பது? பூமியையும் அதன் உயிர்களையும் காப்பதற்கென்று 2000இல் ஹேக் நகரில் வெளியிட்ட பூமி சாசனமும் அப்படித்தான். அழகான 16 கோட்பாடுகள், வழக்குப் போட ஒரு வரி கிடையாது.

உரிமைகள் மட்டும் போதுமா, கடமைகளும் வேண்டாமா என்று 1997இல் முன்னாள் ஆட்சித் தலைவர்கள் கூடி, மனிதப் பொறுப்புகளுக்கு ஒரு பிரகடனம் எழுதி ஐ.நா.வில் கொடுத்தார்கள். அதற்கும் பின்னால் கியூங் இருந்தார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நன்றாகச் செய்த கடமையிலிருந்தே உரிமை பிறக்கிறது, இதை எழுதப்படிக்கத் தெரியாத என் தாயிடம் கற்றேன் என்று 1947இல் யுனெஸ்கோவுக்கு எழுதியவர் காந்தி. ஆனால் அதையே ஓர் அரசு சொன்னால்? ‘முதலில் உன் கடமையைச் செய், அப்புறம் உரிமை பேசலாம்.’ சிறையில் இருப்பவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மனித உரிமை அமைப்புகள் பயந்ததும் அதற்குத்தான். பிரகடனம் ஏற்கப்படாமலே நின்றுபோனது, நல்லதாயிற்று என்பேன். தாய் சொல்லும்போது அறமாக இருப்பது, லத்தி வைத்திருப்பவன் வாயில் மிரட்டலாகிவிடும்.

கூட்டுப் பிரக்ஞையை அளந்தே காட்டுகிறோம் என்று கிளம்பியவர்களும் உண்டு. 1998இல் பிரின்ஸ்டனில் ரோஜர் நெல்சன் ஆரம்பித்த திட்டம். உலகில் பல இடங்களில், தற்செயலாக எண்களை உமிழும் கருவிகளை வைத்து, உலகமே ஒன்றைக் கவனிக்கும் பெரிய சம்பவங்களின்போது எண்கள் ஒழுங்குக்கு வருகின்றனவா என்று பார்த்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று வந்தன என்றார்கள். மறுபடி ஆராய்ந்தவர்கள், கணக்கில் எடுத்த நேர எல்லையைக் கொஞ்சம் நகர்த்தினால் அது காணாமல் போகிறது என்று காட்டினார்கள். போகட்டும்.

இதையெல்லாம் தாண்டி என் மனதில் நிற்பது நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தின் தரைத்தளத்தில் இருக்கும் சிறிய அமைதி அறை. பொதுச்செயலாளராக இருந்த டாக் ஹாமர்ஷோல்ட் 1957இல் கூடவே இருந்து கவனித்து உருவாக்கியது. சிலை இல்லை, சிலுவை இல்லை, பிறை இல்லை. நடுவில் ஸ்வீடனிலிருந்து வந்த இரும்புத் தாதுப் பாளம், ஆறு டன்னுக்கு மேல், மேலிருந்து விழும் ஒரு கீற்று வெளிச்சம். வாளும் இதிலிருந்துதான், வீடும் இதிலிருந்துதான் என்பதற்காக இரும்பைத் தேர்ந்தார். அவர் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை கொண்டவர். 1961 விமான விபத்தில் அவர் இறந்த பிறகு கிடைத்த நாட்குறிப்பில் பதவியைப் பற்றிய பேச்சே இல்லை, எல்லாம் தன்னோடும் தன் இறைவனோடும் நடத்திய உரையாடல். அவ்வளவு நம்பிக்கை இருந்தவர், எல்லோருக்குமான அறையில் தன் இறைவனுக்கு ஒரு படம்கூட மாட்டவில்லை.

நண்பருக்கு இன்னும் பதில் போடவில்லை. போட்டால், அன்று நானும் உட்கார்ந்தேன் என்பதைச் சொல்லவேண்டிவரும். நாலாவது நிமிடமே போனை எடுத்துப் பார்த்தேன் என்பதையும்.