மன்னிப்புக் கேட்கும் உத்தேசம் எனக்கு இல்லை

ஞாயிற்றுக்கிழமை மாலை நண்பர்கள் கூடிய இடத்தில் நடந்ததைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இரண்டு நாள்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அங்கே எடுத்த காணொலி ஒவ்வொரு வாட்ஸ்ஆப் குழுவாகச் சுற்றி, கடைசியில் கோயம்புத்தூரில் இருக்கும் என் மைத்துனர் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. "என்ன மாப்பிள்ளை, ஜோர்டான் லவ் என்று யாரோ ஒருவரிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டுமாமே, அலுவலகத்தில் ஏதும் பிரச்சினையா?" என்று அவர் கவலையோடு விசாரித்த பிறகு, இனியும் வாயை மூடிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை என்று தோன்றிவிட்டது.

அங்கே இருந்தவர்களுக்கு விவரம் தெரியும். 2020 ஏப்ரல் 23 இரவு, நம் அமெரிக்கக் கால்பந்து அணியான கிரீன் பே பேக்கர்ஸ், புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் லவ்வைத் தேர்ந்தெடுத்த அரை மணி நேரத்துக்குள், இது தவறான தேர்வு என்று நான் இதே பக்கத்தில் கோபமாக எழுதிய பதிவை, தம்பி முறையில் என்னோடு பழகும் நண்பர் ஒருவர் தேடி எடுத்து, செய்தி வாசிப்பவரின் குரலில், இருபது பேர் முன்னால், என் மகளும் அவள் தோழிகளும் உட்கார்ந்திருக்கும்போது வரிவரியாக வாசித்துக் காட்டினார். முடித்துவிட்டு, "அண்ணா, மன்னிப்பு எப்போது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்திருக்க முடியும்?

ஆகவே இங்கே பதில் சொல்கிறேன். அந்தப் பதிவில் நான் எழுதியதை இன்றைக்கும் எழுதுவேன். லவ் நல்ல குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) என்பது ஒரு விஷயம். அவரை அன்றைக்கு, அந்த இடத்தில், அந்த விலை கொடுத்து எடுத்தது சரியா என்பது முற்றிலும் வேறு விஷயம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு ஆறு வருடங்களாக என்னைக் கேலி செய்பவர்கள், பந்தயத்தில் குருட்டாம்போக்கில் பணம் கட்டி ஜெயித்தவனைப் பொருளாதார மேதை என்று கொண்டாடுகிறவர்கள்.

அன்றைய நிலவரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முந்தைய சீசனில் நம் அணி 13 ஆட்டங்களில் வென்று மூன்றில் மட்டுமே தோற்றிருந்தது. இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்கு ஒரே ஓர் ஆட்டம் மிச்சமிருந்தபோது சான் பிரான்சிஸ்கோவிடம் 37-20 என்று வீழ்ந்தோம். அன்றைய நம் குவாட்டர்பேக் ஆரோன் ராட்ஜர்ஸுக்கு வயது 36. டேவான்டே ஆடம்ஸைத் தவிர அவர் நம்பிப் பந்தை எறிய ஒரு ரிசீவர், அதாவது எறியும் பந்தைப் பிடிப்பவர், கிடையாது. அந்த ஆண்டு டிராஃப்டிலோ ரிசீவர்கள் கொட்டிக் கிடந்தார்கள். நம் ஜெனரல் மேனேஜர் பிரையன் கூட்டகன்ஸ்ட் என்ன செய்தார்? டிராஃப்ட் வரிசையில் 30-ஆவது இடத்தில் இருந்தவர், மயாமிக்கு நான்காம் சுற்றில் ஆள் எடுக்கும் வாய்ப்பு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்து 26-ஆவது இடத்துக்கு ஏறிப்போய், மூன்று வருடம் கழித்து ஆடப்போகும் ஒருவரை எடுத்துக்கொண்டு வந்தார். ஏறிப்போய் எடுத்தார் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அதோடும் நிற்கவில்லை. அந்த டிராஃப்டில் நாம் மொத்தம் ஒன்பது பேரை எடுத்தோம். அந்த ஒன்பது பேரில் ரிசீவர் எத்தனை பேர் தெரியுமா? ஒருவர்கூட இல்லை.

இன்றைக்கு உலை வைக்க வேண்டிய அரிசியை விற்று அடுத்த பட்டத்துக்கு விதைநெல் வாங்கி வைப்பதைத் தொலைநோக்கு என்று சொல்லலாம். வீட்டில் பசியோடு இருப்பவனுக்கு அதன் பெயர் வேறு.

இனி, நீங்கள் என்னென்ன சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அத்தனையையும் கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

"ஜஸ்டின் ஜெஃபர்சன் 22-ஆவது இடத்திலேயே போய்விட்டார், பிராண்டன் ஐயூக் 25-இல் போய்விட்டார், எடுக்க யார் மிச்சம்?" என்கிறார்கள். டீ ஹிக்கின்ஸ் 33-ஆவது இடம் வரைக்கும் இருந்தார். மைக்கேல் பிட்மன் 34 வரைக்கும் இருந்தார். இவர்கள் இருவரும் அதன் பிறகு எப்படி ஆடினார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. "ஹிக்கின்ஸ் வந்திருந்தால் மட்டும் சூப்பர் பவுல் வென்றிருப்போமா? அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்கிற கதைதான்" என்று ஒருவர் குறுக்கே பேசினார். சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் லவ்வை எடுக்காமல் விட்டிருந்தால் இன்று நாம் நடுத்தெருவில் நின்றிருப்போம் என்று நீங்கள் சொல்வதும் அதே அத்தையின் அதே மீசைதானே?

"சான் பிரான்சிஸ்கோவிடம் தோற்றது ரிசீவர் இல்லாததாலா? அவர்களுடைய ரஹீம் மோஸ்டர்ட் ஒருவரே 220 கெஜம் ஓடினார், நம் டிஃபென்ஸ் (தடுப்பாட்டம்) ஓட்டை" என்பது அடுத்த வாதம். அருமையான வாதம். அப்படியென்றால் டிஃபென்ஸுக்கு ஆள் எடுத்திருக்க வேண்டும் அல்லவா? தடுப்பாட்டக்காரர் பேட்ரிக் குவீன் 28-ஆவது இடத்தில் பால்டிமோருக்குப் போனார். ஓட்டை சுவரில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு, அடுத்த தலைமுறைக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போட்டதை எப்படி நியாயப்படுத்துவீர்கள்?

டெவின் ஃபன்சஸ் என்ற ரிசீவரை அந்த ஏப்ரலிலேயே ஒப்பந்தம் செய்தார்களே என்று ஒருவர் சொன்னார். கொரோனா காரணமாக அந்த சீசனிலிருந்து விலகிக்கொண்ட அவர் அந்த ஆண்டு நமக்காக ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. அதை விட்டுவிடுவோம்.

எல்லோரும் பிரம்மாஸ்திரமாக நினைத்து எறிவது 2005-ஐத்தான். "குவாட்டர்பேக் பிரெட் ஃபார்வ் ஆடிக்கொண்டிருக்கும்போதே ராட்ஜர்ஸை எடுத்தார்களே, அதற்கு மட்டும் கை தட்டினாயே!" கை தட்டவில்லை, ஐயா. நம் அணி இருக்கும் விஸ்கான்சின் மாநிலத்துக்கு நான் வந்ததே 2006-இல்தான். வந்த புதிதில் மூன்றாவது முயற்சி என்றால் என்ன, நான்காவது முயற்சி என்றால் என்ன என்று ஒன்றும் புரியாமல், அலுவலகத்தில் திங்கட்கிழமை காலை யாரோடும் பேச விஷயமில்லாமல் இருந்த காரணத்தால்தான் பார்க்கத் தொடங்கினேன். 2008 ஜனவரியில், வெளியே மைனஸ் 18 டிகிரிக் குளிரில், நியூயார்க் ஜயன்ட்ஸிடம் கூடுதல் நேரத்தில் 23-20 என்று தோற்ற இரவில், ஃபார்வின் கடைசிப் பந்து எதிராளியின் கைக்குப் போனபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அன்றுதான் நான் ரசிகனானேன் என்று சொல்லலாம். வென்ற நாளில் ரசிகனானவன் இல்லை நான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், "கிரிக்கெட் பார்த்து வளர்ந்த ஆளுக்கு டிராஃப்ட் எப்படிப் புரியும்" என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு குரல் கேட்டது. யாருடைய குரல் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை.

2005-க்கு வருகிறேன். அன்று ராட்ஜர்ஸ் 24-ஆவது இடம் வரைக்கும் யாரும் எடுக்காமல் தானாக வழுக்கிக்கொண்டு வந்தார். யாரும் எதையும் கொடுத்து ஏறிப்போகவில்லை. நம் அணி அதற்கு முந்தைய சீசனில் பிளேஆஃப் முதல் சுற்றிலேயே மினசோட்டாவிடம் சொந்த மைதானத்தில் தோற்றிருந்தது. ஃபார்வ் ஒவ்வொரு கோடையிலும் ஓய்வு பெறலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். ராட்ஜர்ஸோ 2018-இல்தான் நான்கு ஆண்டுக்குப் புதிய ஒப்பந்தம் போட்டிருந்தார். இரண்டும் ஒன்றா? மடியில் தானாக வந்து விழுந்த பழமும் மரமேறிக் கிளையை ஒடித்துப் பறித்த பழமும் ஒன்றா?

இன்னொரு வாதமும் உண்டு. "1992-இலிருந்து இன்றுவரை மூன்றே மூன்று பேர் நமக்கு நிலையான குவாட்டர்பேக்காக இருந்திருக்கிறார்கள். சிகாகோக்காரர்களைப் பார், எத்தனை பேரை மாற்றிப் பார்த்துவிட்டார்கள். முன்கூட்டியே திட்டமிட்டதால்தானே இந்த நிம்மதி?" இதில் நியாயம் இருக்கிறது. மறுக்கவில்லை.

ஆனால் அந்த நிம்மதிக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. 2020-இல் ராட்ஜர்ஸ் 48 டச்டவுன் (பந்தைக் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்த்துப் புள்ளி பெறுவது) எறிந்து எம்விபி, அதாவது சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், ஆனார். மீண்டும் 13-3. மீண்டும் சூப்பர் பவுலுக்கு ஓர் ஆட்டம் மிச்சம், அதுவும் நம் மைதானமான லாம்போ ஃபீல்டிலேயே. டாம்பா பேயிடம் 31-26. கோட்டுக்கு எட்டு கெஜம் இருக்கும்போது, இரண்டு நிமிடம் சொச்சம் மிச்சமிருக்கும்போது, எட்டுப் புள்ளிகள் பின்தங்கியிருக்கும்போது, மூன்று புள்ளி மட்டுமே தரும் ஃபீல்டு கோல் அடித்தார்கள். அது பயிற்சியாளரின் தவறு என்பீர்கள், ஏற்கிறேன். ஆனால் அன்று நம் முதல் சுற்றுத் தேர்வான லவ் எங்கே இருந்தார்? அந்த சீசன் முழுவதிலும் அவர் ஒரு ஆட்டத்துக்குக்கூடச் சீருடை அணியவில்லை.

அடுத்த ஆண்டு, 2022 ஜனவரி, மறுபடியும் சான் பிரான்சிஸ்கோ, மறுபடியும் நம் மைதானம், 13-10. அன்று ராட்ஜர்ஸ் எறிந்து பிடிக்கப்பட்ட பந்துகள் இருபது. அவற்றில் ஒன்பதை ஆடம்ஸ் பிடித்தார், ஒன்பதை ஆரோன் ஜோன்ஸ் பிடித்தார். அணி முழுவதிலும் மற்ற எல்லோருக்கும் சேர்த்து இரண்டு. நான் 2020-இல் எழுதிய பதிவுக்கு இதைவிட ஒரு அடிக்குறிப்பு வேண்டுமா? அந்த இரவும் என்னிடம் யாரும் "அண்ணா, நீங்கள் சொன்னது சரியாகிவிட்டதே" என்று காணொலி எடுத்து அனுப்பவில்லை. நினைவூட்டுகிறேன், அவ்வளவுதான்.

"லவ்வை எடுத்த கோபத்தில்தான் ராட்ஜர்ஸ் இரண்டு முறை எம்விபி ஆனார்" என்று சொல்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஒருவனைக் கிள்ளிவிட்டு, அவன் அலறியபோது குரல் வளம் கூடியிருக்கிறது என்று பெருமைப்படுகிறவர்களிடம் எதைப் பேசுவது?

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மனைவி நேற்று இரவு நேராகவே கேட்டுவிட்டாள்: "அன்றைக்கு நீங்கள் அவ்வளவு கோபமாக எழுதியது ராட்ஜர்ஸுக்காக மட்டும்தானா?" அந்த 2020 வசந்தத்தில், நான் வேலை பார்த்த இடத்தில், என் குழுவுக்குக் கூடுதலாக இரண்டு பேர் வேண்டும் என்று எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆள் கிடைத்தார். 26 வயது. மிகுந்த திறமைசாலி. என் குழுவில் வேலை செய்வதற்காக அல்ல, என் வேலையைக் கற்றுக்கொள்வதற்காக. "எதிர்காலத்தை நினைத்து" என்று மேலாளர் மிகவும் அன்பாகச் சொன்னார். எனக்கு அப்போது 44 வயது. அந்த ஆண்டு என் மதிப்பீட்டில் எதிர்பார்ப்புக்கு மேல் என்று எழுதியிருந்தார்கள். நான் அந்தப் பையனுக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தேன். எதையும் ஒளித்து வைக்கவில்லை. அவன் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை, பொங்கலுக்கு இன்றுவரை வாழ்த்துச் செய்தி அனுப்புகிறான். அவன் இப்போது அங்கே பெரிய பொறுப்பில் இருக்கிறான், நன்றாகவும் செய்கிறான். அவன் நன்றாகச் செய்கிறான் என்பதால் அன்று எனக்குச் செய்தது சரியாகிவிடுமா?

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். லவ் மீது எனக்குக் கோபமே இருந்ததில்லை. 2023-இல் அவர் 32 டச்டவுன் எறிந்தபோதும், டல்லாஸுக்குப் போய் 48-32 என்று நொறுக்கியபோதும், இந்த வீட்டில் அதிகமாகக் கத்தியவன் நான்தான், அக்கம்பக்கத்தாரைக் கேட்டுப் பாருங்கள். அவருடைய எண் பத்து போட்ட சட்டை என் மகளிடம் இருக்கிறது, வாங்கிக் கொடுத்ததும் நான்தான். "பிறகு எதற்கு வீம்பு?" என்று கேட்கிறீர்கள். வீம்பு இல்லை. பதினெட்டு ஆண்டுகள் ராட்ஜர்ஸ் இந்த அணியில் இருந்தார். அத்தனை ஆண்டுகளில் முதல் சுற்றில் அவருக்கென்று ஒரு ரிசீவரைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. 2002-க்குப் பிறகு முதல் சுற்றில் நாம் எடுத்த முதல் ரிசீவர் மேத்யூ கோல்டன், அதுவும் 2025-இல், கிரீன் பேயிலேயே டிராஃப்ட் நடந்தபோது. நான் மகளை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அணியின் அன்றைய தலைவர் மார்க் மர்ஃபி மேடையில் வந்து பெயரைச் சொன்னதும் லாம்போவுக்கு வெளியே நின்ற கூட்டம் முழுக்க ஆர்ப்பரித்தது. மகள் என் கையைப் பிடித்து இழுத்து, "அப்பா, நீ ஏன் கத்தாமல் நிற்கிறாய்?" என்று கேட்டாள். ஐந்து வருடம் தாமதமாக வந்த விருந்தாளியை எப்படி வரவேற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் இந்த அணியின் பங்குதாரரும்கூட. 2021-இல் 300 டாலர் கொடுத்து வாங்கிய பத்திரம் கூடத்துச் சுவரில் சட்டமிட்டுத் தொங்குகிறது. அதற்கு ஈவுத்தொகை கிடையாது, விற்று லாபம் பார்க்க முடியாது, என்னைப் போல ஐந்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அப்படி இருக்கிறார்கள் என்பதும் தெரியும். எனக்கென்று மிச்சமிருப்பது குறை சொல்வது ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடு என்றால் எப்படி?

ஆகையால், தம்பி, மன்னிப்பு வராது. பதிவையும் நீக்கப் போவதில்லை. நீங்கள் வாசித்ததில் ஒரே ஒரு தவறு இருந்தது, அதை நீங்கள் யாரும் கவனிக்கவில்லை. லவ் படித்தது யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். நான் அன்று அவசரத்தில் யூட்டா பல்கலைக்கழகம் என்று எழுதிவிட்டேன். அதை மட்டும் இன்று காலை திருத்திவிட்டேன்.