கஷ்டத்துலேர்ந்து மீண்டு வர்றத பிறவி குணம்னு ஒரே வரில முடிச்சிட்டா எப்படி?

"மீண்டு வர்ற சக்தி சிலருக்குப் பொறக்கும்போதே இருக்கு"ன்னு கட்டுரைல போட்டிருக்கீங்க, அது பாதிதான் உண்மை. ஹவாய்ல காவாய் தீவுல 1955ல பொறந்த 698 குழந்தைங்கள உளவியல் ஆய்வாளர் எம்மி வெர்னரோட டீம் 40 வயசு வரைக்கும் ஃபாலோ பண்ணாங்க, அதுல வறுமை, குடி, வீட்டுச் சண்டைன்னு ரொம்ப மோசமான சூழ்நிலைல வளந்த பசங்கள்ல மூணுல ஒரு பங்கு நல்லாவே தேறி வந்தாங்க, சுபாவமும் ஒரு காரணம்தான் ஒத்துக்கறேன், ஆனா பாட்டியோ டீச்சரோ பக்கத்து வீட்டுக்காரங்களோ யாராவது ஒருத்தர் அந்தப் பசங்க கூடவே நின்னிருக்காங்க. இதவிட முக்கியம், டீன் ஏஜ்ல தடம் மாறிப் போனவங்கள்ல நெறைய பேரு 30, 40 வயசுக்குள்ள திரும்பப் படிச்சு, ராணுவத்துல சேந்து, நல்ல துணை அமைஞ்சு மீண்டுட்டாங்க, இத யாரும் பேசறதே இல்ல. மேல கமெண்ட்ல ஒருத்தர் 'இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தாங்கற சக்தியே இல்ல'ன்னு எழுதிருக்காரு, சார் எங்க பெரியப்பா பையன் அப்பா போனதும் பத்தாவது ஃபெயிலாகி ரெண்டு வருஷம் ரூம விட்டே வரல, தெருமுனை லேத் பட்டறைக்காரர்தான் தெனமும் வந்து "டீ வாங்கிட்டு வாடா"ன்னு கூட்டிட்டுப் போவாரு, இப்ப அவனே சொந்தமா பட்டறை வச்சிருக்கான், அந்த ரெண்டு வருஷத்துல பாத்திருந்தா அவனையும் இப்படித்தான் சொல்லிருப்பீங்க.