அத்தையின் ரெண்டு டிக்

"குட் மார்னிங் படம் அனுப்புறவங்களை எல்லாம் ஒரு தீவுல கொண்டு போய் இறக்கி விடணும்" என்கிற மீம் இந்த வாரம் மூன்றாவது முறையாக என் டைம்லைனில் வந்து நிற்கிறது. பகிர்ந்தவர்களில் இரண்டு பேர் எனக்கு நெருங்கிய நண்பர்கள். சண்டை போடும் எண்ணம் இல்லை. ஆனால் ஒரு வருஷமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்ததை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேலி உலகம் முழுக்கப் போனது 2018 ஜனவரியில். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் என்ற அமெரிக்க நாளிதழில் ஒரு கட்டுரை வந்தது. இந்தியர்களின் போன்கள் ஏன் இப்படித் திணறி நின்றுபோகின்றன என்று கூகுள் ஆட்கள் தேடிப் போயிருக்கிறார்கள். உள்ளே பார்த்தால் ரோஜாப்பூ, சூரிய உதயம், சிரிக்கும் குழந்தை, அதன்மேல் 'குட் மார்னிங்'. இந்தியாவில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களில் மூன்றில் ஒருவருக்குத் தினமும் இடம் தீர்ந்துவிடுகிறது, அமெரிக்காவில் பத்தில் ஒருவருக்குத்தான் என்றும் அந்தக் கட்டுரை சொன்னது. அதற்கு முந்தைய மாதம்தான் கூகுள் 'ஃபைல்ஸ் கோ' செயலியை வெளியிட்டிருந்தது. இப்போது 'ஃபைல்ஸ் பை கூகுள்' என்ற பெயரில் பலருடைய போனில் இருப்பது அதுதான். இந்த மாதிரிப் படங்களை அடையாளம் கண்டு, மொத்தமாக அழிக்கலாமா என்று கேட்கும்.

எல்லாரும் சிரித்தோம். நானும் அந்தச் செய்தியைப் பகிர்ந்து சிரித்தவன்தான்.

போன் நிரம்பியது உண்மை. ஒரு படம் 150 கேபி என்றே வையுங்கள். நாலைந்து குரூப்பில் இருக்கும் ஒருவருக்கு நாளைக்கு 60 படம் வந்தால் 9 எம்பி. வருஷத்துக்கு 3 ஜிபி தாண்டிவிடும். அன்றைக்குப் பெரியவர்கள் கையில் இருந்ததெல்லாம் 8 ஜிபி, 16 ஜிபி போன். அதில் பாதியை போனே எடுத்துக்கொள்ளும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. மாதம் முழுக்க ஒரு ஜிபியை எண்ணி எண்ணிச் செலவழித்த வீடுகளில் தினமும் ஒரு ஜிபி புரள ஆரம்பித்தது. வாட்ஸ்அப் தானாகவே படத்தை இறக்கிக்கொள்ளும், இறக்கியதை கேலரியிலும் காட்டும். பேத்தியின் முதல் பிறந்தநாள் படமும் யாரோ அனுப்பிய தாமரையும் ஒரே இடத்தில் வந்து குவியும். அப்படி வடிவமைத்தது அனுப்பியவர்கள் இல்லை. ஆனால் பழி மட்டும் அவர்கள் தலையில் விழுந்தது.

போன தீபாவளிக்குக் கோவில்பட்டி போயிருந்தேன். அத்தைக்கு 71 வயது, சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஏய்யா, போனு சுத்திக்கிட்டே கெடக்கு, என்னான்னு பாரு" என்று கொடுத்தார். கேலரியைத் திறந்தேன். பதினாலாயிரம் படம். பேரப்பிள்ளைகள் படத்தையெல்லாம் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சம் இருந்த பூ, சாமி, விளக்கு, கிளி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். போன் பறந்தது. நல்ல காரியம் செய்த திருப்தியோடு கொண்டு போய்க் கொடுத்தேன்.

அத்தை திறந்து பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "நாளைக்கு வெள்ளிக்கிழமைல்லா? அம்மன் படம் ஒண்ணு எடுத்து வச்சிருந்தேனே."

அன்றைக்கு ராத்திரி முழுக்க அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். யாருக்கு எந்தப் படம் என்று அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். கூட வேலை பார்த்த ஸ்டெல்லா டீச்சருக்கு ஞாயிற்றுக்கிழமை பைபிள் வசனம் போட்ட படம், மற்ற நாளில் வெறும் பூ. எதிர் வீட்டு மும்தாஜ் அக்காவுக்கு வெள்ளிக்கிழமை 'ஜும்ஆ முபாரக்' படத்தைத் தேடி எடுத்து அனுப்புவார். சாவு விழுந்த வீட்டுக்குப் பதினாறு நாள் வரைக்கும் பூப்படம் போகாது. அதற்கப்புறம் முதலில் ஒரு விளக்குப் படம், அப்புறம்தான் பழையபடி. துபாயில் இருக்கிற மூத்த மகனுக்கு ஏழரை மணிக்குத்தான் அனுப்புவார், அங்கே அப்போதுதான் மணி ஆறு. சர்க்கரை வியாதி இருக்கிற தம்பிக்கு இனிப்புத் தட்டு வரைந்த படம் கூடாது. "பாத்தா ஆசை வரும்லா."

இதையெல்லாம் சேர்த்து வைத்த படங்களைத்தான் நான் ஒரே அழுத்தில் அழித்திருந்தேன். பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிப் பூக்கள். எது யாருக்கு என்பது அத்தைக்கு மட்டுமே தெரியும்.

இது எனக்குப் புதிதாகவும் இருந்திருக்கக் கூடாது. தொண்ணூறுகளில் பொங்கலுக்கு முன்னால் பஜாரில் வாழ்த்து அட்டைகளைக் கயிறு கட்டித் தொங்க விட்டிருப்பார்கள். எல்லாம் சிவகாசி அச்சு. உறையை ஒட்டாமல் மடித்துச் செருகினால் தபால்தலைச் செலவு குறைவு. என்னைக் கையில் பிடித்துக்கொண்டு அத்தை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார். பெரியப்பாவுக்கு முருகன், சித்திக்குக் கரும்பும் பானையும், ரஜினி போட்டது சின்ன மாமாவுக்கு. கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் அசைய மாட்டார். அந்த அட்டைகளைப் பற்றி இன்றைக்கு ஏக்கத்தோடு பதிவு எழுதுகிறோம், நூற்றுக்கணக்கில் லைக் விழுகிறது. அதே ஆள் அதே வேலையைப் போனில் செய்தால் மீம் போடுகிறோம்.

அன்றைக்கு ராத்திரி அத்தை சொன்னதில் என்னை உண்மையாகவே உலுக்கிய விஷயம் இனிமேல்தான் வருகிறது. "யாரும் பதில் போடலையேன்னு வருத்தமா இருக்காதா அத்தை?" என்று கேட்டேன்.

"பதிலு எதுக்குய்யா? ரெண்டு டிக்கு விழுந்துட்டாப் போதும். போனு உசுரோட இருக்கு, அவனும் நல்லாத்தான் இருப்பான்னு அடுப்பைப் பத்த வைப்பேன். ஒத்த டிக்கா நின்னாத்தான் மனசு கெடந்து அடிச்சுக்கும்." அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "நீ ராத்திரி நெட்டை அணைச்சிருவியோ? உனக்கு மட்டும் எட்டு மணி வரைக்கும் ஒத்த டிக்குதான் நிக்கும்" என்றார்.

நான் அணைத்துவிடுவேன். பல வருஷமாக. அதனால் ஒரு வயசான மனுஷி தினமும் மூணு மணி நேரம் கவலைப்பட்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

நீல டிக் 2014 நவம்பரில் வந்தபோது எவ்வளவு சண்டை நடந்தது, நினைவிருக்கிறதா? படித்தும் பதில் போடவில்லையே என்று காதலர்கள் பிரிந்த கதை, மேலாளர் திட்டிய கதை. அத்தைக்கு அந்த நீலமே தேவைப்படவில்லை. எதிர் முனையில் போன் உயிரோடிருக்கிறது என்று சொல்லும் சாம்பல் நிற டிக் இரண்டும் அவருக்குப் போதும்.

கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். நாங்கள் அதை 'பிங்' என்போம். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த மைக் மூஸ் எழுதிய சின்ன நிரல். நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க சோனார் எழுப்பும் ஒலியிலிருந்து அந்தப் பெயரை எடுத்தார். ஓர் இயந்திரத்துக்கு ஒரு சின்னப் பொட்டலத்தை அனுப்பு, அது அப்படியே திரும்பி வந்தால் அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பொட்டலத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது யாருக்கும் பொருட்டே கிடையாது. நாற்பது வருஷமாக உலகத்தின் சர்வர் அறைகளில் எல்லாம் இது ஓடிக்கொண்டே இருக்கிறது. 'பிங் அனுப்பி நெட்டை நிரப்புகிறார்கள்' என்று எந்தப் பொறியாளரும் கேலி செய்ததில்லை. பொட்டலம் திரும்பி வராதபோதுதான் எங்களுக்குத் தூக்கம் போகும். அத்தைக்கும் அப்படித்தான்.

மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் 1923-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். மனிதர்கள் பேசுவதில் ஒரு பெரும் பகுதி தகவல் சொல்வதற்காக இல்லை, ஒட்டுறவைக் காப்பதற்காக என்று. எங்கள் ஊரில் இதற்குப் படிப்பு வேண்டியதில்லை. "என்ன, சாப்டாச்சா?", "எங்க, தூரமா?" என்று கேட்கிறவருக்கு உங்கள் சாப்பாட்டுக் கணக்கும் பயணத் திட்டமும் எதற்கு? நீங்களும் "ஆமா" என்று சொல்லிவிட்டு நடக்கிறீர்கள். மறுநாள் அவர் கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால்தான் என்ன கோபமோ என்று யோசிக்கிறீர்கள்.

இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும், சொல்லிவிட்டுப் போகிறேன். பழைய குட் மார்னிங் படத்தை உற்றுப் பாருங்கள். பூவின் ஓரமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். ஜேபெக் என்ற 1992-ஆம் வருஷத்துப் படக் கோப்பு முறை, படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சதுரங்களாகப் பிரித்துச் சுருக்கும். வாட்ஸ்அப்புக்குள்ளேயே ஃபார்வர்டு செய்தால் படம் மாறாது, சர்வரில் பூட்டிக் கிடக்கும் அதே கோப்பின் சாவிதான் கைமாறுகிறது. ஆனால் யாரோ ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார், மேலே ஒரு வரி எழுதுகிறார், தன் பக்கத்தின் முத்திரையைக் குத்துகிறார், திரும்பச் சேமிக்கிறார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நுணுக்கம் போகும். மங்கிப் போய் மூலையில் நாலு முத்திரையோடு வரும் ரோஜா, பல ஊர் சுற்றி வந்த ரோஜா. கை பட்டுப் பட்டுத் தேய்ந்த கோயில் படியைப் பார்ப்பதுபோல்தான் நான் அதைப் பார்க்கிறேன்.

இதே வழியில்தான் விஷமும் வந்தது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து போன ஒரு குடும்பம் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததைப் பார்த்து, பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊரே சேர்ந்து அடித்தது. ஒரு மூதாட்டி இறந்தே போனார். வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திதான் காரணம். அந்த வருஷம் நாட்டின் பல மாநிலங்களில் இப்படி நடந்த பிறகு, ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்குமேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. 2019 ஜனவரியில் அது உலகம் முழுக்க வந்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறியவற்றை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் என்று இறுக்கினார்கள். மூன்றையும் நான் முழு மனசோடு வரவேற்றேன்.

என் அத்தையும் 'இந்த இலைக் கஷாயம் குடித்தால் புற்றுநோய் போகும்' என்பதை எல்லாருக்கும் அனுப்பியவர்தான். அன்றைக்கு அதையும் கேட்டேன். பூவை இவ்வளவு பார்த்துப் பார்த்து அனுப்புகிறீர்களே, இதை மட்டும் ஏன் யாருக்கு என்று பார்க்காமல் அனுப்பினீர்கள்? கொஞ்ச நேரம் யோசித்தார். "பூவு நான் குடுக்கது. இது நியூஸ்தானே, யாரோ சொன்னது" என்றார். எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. தான் கொடுக்கிறோம் என்ற எண்ணம் இருக்கிற இடத்தில் அத்தைக்கு அவ்வளவு கவனம் இருக்கிறது. "நியூஸும் நீங்க குடுக்கதுதான் அத்தை. உங்க பேருலதான வருது. ஸ்டெல்லா டீச்சர் அதைக் குடிச்சிட்டு மாத்திரையை நிறுத்திட்டா?" என்றேன். முகம் வாடிப்போனது. அன்றிலிருந்து மருந்துச் செய்தி எதுவும் அத்தையிடமிருந்து வந்ததில்லை. நக்கல் மீம் ஆயிரம் போட்டிருந்தாலும் இது நடந்திருக்காது.

அதனால் நண்பர்களே, எரிச்சலாக இருந்தால் செட்டிங்ஸைத் திறங்கள். குரூப்புகளுக்கு 'மீடியா விசிபிலிட்டி'யை அணையுங்கள், படம் கேலரிக்குள் வராது. தானாக இறங்குவதை வைஃபைக்கு மட்டும் வையுங்கள். 2020 நவம்பரிலிருந்து 'மேனேஜ் ஸ்டோரேஜ்' பகுதியில் பலமுறை ஃபார்வர்டு ஆனவை தனியாகவே தெரிகின்றன. இதை வீட்டுப் பெரியவர்களின் போனிலும் செய்துகொடுங்கள், ஆனால் அழிப்பதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து எது வேண்டும் என்று கேளுங்கள். போன் செய்யும் கம்பெனிகளுக்கும் ஒன்று: வந்த படமும் நாம் எடுத்த படமும் முதல் நாளிலிருந்தே தனித்தனியாக இருக்கட்டும். அத்தையிடம் போய் செட்டிங்ஸில் ஏழாவது வரியைத் தேடச் சொல்வது நியாயமில்லை.

நான் இப்போது ராத்திரியில் நெட்டை அணைப்பதில்லை, சத்தத்தை மட்டும் அணைக்கிறேன். அழித்ததற்கு ஈடாக, எங்கள் தெருமுனையில் பூ விற்கிற அம்மாவின் கூடையை, அவரிடம் கேட்டுவிட்டு, ஒரு விடியற்காலையில் படம் எடுத்து அத்தைக்கு அனுப்பினேன். நனைந்த வாழை இலைமேல் கனகாம்பரமும் மல்லியும். "இது யாருக்கும் அனுப்பலாமாய்யா?" என்று கேட்டார். தாராளமாக என்றேன்.

மூன்று வாரம் கழித்து மதுரைச் சித்தப்பா எங்கள் குடும்பக் குரூப்பில் ஒரு காலை வணக்கம் போட்டார். அதே கூடை. மேலே மஞ்சள் எழுத்தில் 'இனிய காலை வணக்கம்', மூலையில் எனக்குத் தெரியாத ஏதோ ஒரு பக்கத்தின் முத்திரை, கனகாம்பரத்தின் ஓரம் லேசாகக் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது.